விழுந்து வெல்லும் ஆட்டத்தை நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்காதீர்கள்: கிழக்கின் உதைபந்தாட்டப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் உதைபந்தாட்டச் சங்க நிர்வாகிகளுக்கும், விளையாட்டுக் கழகங்களின் பயிற்றுவிப்பாளர்களுக்கும், பாடசாலை உடற்கல்வி ஆசிரியர்களுக்கும், மத்தியஸ்தர்களுக்கும்,

உங்கள் அனைவருக்கும் என் வணக்கமும் ஸலாமும்.

நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் நெடுங்காலம் உடற்கல்வி ஆசிரியராகவும், பாடசாலைப் போட்டிகளிலும் கழகப் போட்டிகளிலும் மத்தியஸ்தராகவும் இருந்து ஓய்வு பெற்றவன். இன்றும் என் மாலைப்பொழுதுகளில் பெரும்பகுதி ஏதாவதொரு மைதானத்தின் ஓரத்திலேயே கழிகிறது. வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரையுள்ள ஊர்களில் உதைபந்தாட்டத்தின் மீது இளைஞர்களுக்கு உள்ள பற்றை நான் உங்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. அந்தப் பற்றை வளர்த்தவர்களே நீங்கள்தான். ஆயினும் அண்மைக் காலமாக நம் மைதானங்களில் வேரூன்றிவரும் ஒரு பழக்கத்தைப் பற்றிப் பொறுப்பில் உள்ள எவரும் வாய் திறக்காதிருப்பதால் இதனைப் பகிரங்கமாக எழுதுகிறேன். எதிரணி வீரரின் கால் படாமலேயே பட்டதுபோல் விழுவதும், இலேசாகப் பட்டதற்கு எலும்பு முறிந்ததுபோல் புரள்வதும், அவ்வாறு பெற்ற தண்ட உதையை (பெனால்டியை) கொண்டாடுவதும் ஆட்டத் திறமையின் ஓர் அங்கமாகவே நம்மிடையே எண்ணப்படத் தொடங்கிவிட்டன. தொலைக்காட்சியைப் பார்த்துப் பிள்ளைகள் தாமாகக் கற்றுக்கொண்ட கெட்ட பழக்கம் இது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். நான் அவ்வாறு கருதவில்லை. இதை அவர்களுக்குக் கற்பித்துக்கொண்டிருப்பவர்கள் பெரியவர்களாகிய நாம். நிறுத்த வேண்டியவர்களும் நாமே.

முதலில் விதியைப் பார்ப்போம், ஏனெனில் மைதான ஓரத்து வாக்குவாதங்களிற் பல விதியை அறியாமையால் எழுபவை. உதைபந்தாட்ட விதிகளில் 12ஆவது விதி தவறுகளையும் முறைகேடான நடத்தையையும் பற்றியது. மத்தியஸ்தரை ஏமாற்றும் நோக்கில் காயம் பட்டதாகவோ, தனக்கு எதிராகத் தவறு இழைக்கப்பட்டதாகவோ பாசாங்கு செய்வது விளையாட்டுப் பண்புக்கு ஒவ்வாத நடத்தை என்று அவ்விதி கூறுகிறது. அதற்குரிய தண்டனை மஞ்சள் அட்டை. 1999இல் வெளிப்படையாக எழுதிச் சேர்க்கப்பட்ட இந்த ஏற்பாடு, மைதானத்தின் எந்த மூலையில் நடந்த பாசாங்குக்கும் பொருந்தும். இதே விதியின் மறுபக்கத்தையும் நாம் மறக்கலாகாது. விழுகிற எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். காலை வாரிவிட முயல்வது, அந்த முயற்சி கைகூடாதபோதும், தவறுதான். எதிரே வரும் முரட்டுக் காலிலிருந்து தன் முழங்காலைக் காப்பாற்றத் துள்ளி எழுந்து, நிலைகுலைந்து விழும் பையனுக்கு அட்டை காட்டுவது அநீதி. அதேவேளை, உடல் உரசிய மாத்திரத்திலேயே தவறு நிகழ்ந்துவிட்டதாகவும் ஆகாது. கவனயீனமாகவோ, பொறுப்பற்ற விதத்திலோ, அளவுமீறிய பலத்துடனோ மோதினால்தான் அது தவறு. 'பட்டால் பெனால்டி' என்று நம் மைதானங்களில் அடித்துச் சொல்லப்படும் வாக்கியத்துக்கு விதிநூலில் எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் நம் பிள்ளைகளில் மிகப் பலர் அந்த வாக்கியத்தையே விதியென்று நம்பி வளர்கிறார்கள். ஆகவே கோலுக்கு முன்னுள்ள தண்ட எல்லைக்குள் (‘பெட்டி’க்குள்) நுழைந்ததும் அவர்களுடைய கண் கோல் கம்பத்தைத் தேடாமல், உரசிக்கொள்ளத்தக்க ஒரு காலைத் தேடுகிறது.

இந்த நம்பிக்கை வளர்ந்ததில் மத்தியஸ்தத்தின் ஒரு வழக்கத்துக்கும் பங்கு உண்டு என்பதை என் சக மத்தியஸ்தர்கள் பொறுமையுடன் கேட்க வேண்டும். முன்கள வீரன் ஒருவன் பந்தோடு ஓடுகிறான். பின்னாலிருந்து அவனுடைய சட்டையைப் பிடித்து இழுக்கிறார்கள், கணுக்காலில் உதைக்கிறார்கள். அவன் விழாமல் இன்னும் இரண்டு அடி ஓடித் தடுமாறிப் பந்தை இழக்கிறான். ஊதுகுழல் ஒலிப்பதில்லை. பத்து நிமிடங்களின் பின் அதே இடத்தில் அதைவிட மெல்லிய ஓர் உரசலுக்கு அவன் மல்லாந்து விழுகிறான். உடனே ஊதுகுழல் ஒலிக்கிறது. நேர்மையாக நின்று ஓடியவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, விழுந்தவனுக்கு எல்லாம் கிடைத்தது என்பதை அந்த மைதானத்திலுள்ள இருபத்திரண்டு பேரும், வெளியே நின்று பார்க்கும் சிறுவர்களும் ஒரே மாலையில் கற்றுக்கொள்கிறார்கள். இதற்கு வேறு பயிற்சி தேவையில்லை. சாதக நிலையைக் கருதி ஆட்டத்தைத் தொடர விட்டு, எதிர்பார்த்த சாதகம் சில வினாடிகளுக்குள் கிட்டாவிட்டால் திரும்பி வந்து தவறுக்குரிய உதையை வழங்கும் அதிகாரத்தை 5ஆவது விதி மத்தியஸ்தருக்குத் தந்திருக்கிறது. அந்த அதிகாரம் நம் மைதானங்களில் மிக அரிதாகவே பயன்படுத்தப்படுகிறது. நின்றபடி தவறுக்குள்ளானவனுக்கு அவனுடைய உரிமையை வழங்காதவரை, விழுபவனைத் தண்டித்து மட்டும் இந்தப் பழக்கத்தை ஒழித்துவிட முடியாது.

இது என் சொந்த அனுமானம் மட்டுமன்று. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 60 தொழில்முறைப் போட்டிகளில் வீரர்கள் விழுந்த ஏறத்தாழ 2,800 சந்தர்ப்பங்களைக் காணொளியில் ஒவ்வொன்றாகப் பார்த்து வகைப்படுத்தினார்கள். அவற்றுள் தெளிவான பாசாங்கு என்று கண்டறியப்பட்டவை ஏறத்தாழ 6 சதவீதம். எதிரணியின் கோலுக்கு அருகிலும், ஆட்டம் சமநிலையில் இருக்கும்போதும், அதாவது ஏமாற்றினால் கிடைக்கும் இலாபம் பெரிதாக இருக்கும் இடத்திலும் வேளையிலும் பாசாங்கு மிகுந்திருந்தது. எந்த நாட்டு லீக்கில் மத்தியஸ்தர்கள் பாசாங்குக்கு அதிகமாக உதை வழங்கினார்களோ, அந்த லீக்கில் பாசாங்கும் அதிகமாக இருந்தது என்ற முடிவே எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. கிடைக்கும் இடத்தில்தான் கேட்கிறார்கள்.

மத்தியஸ்தர்களைவிடப் பெரிய பொறுப்பு பயிற்றுவிப்பாளர்களுடையது. அண்மையில் 16 வயதுக்குட்பட்டோருக்கான ஒரு போட்டியைப் பார்க்கச் சென்றிருந்தேன். ஊரின் பெயரையோ கழகத்தின் பெயரையோ நான் இங்கு எழுதப்போவதில்லை. மிகவும் கெட்டிக்காரனான ஒரு சிறுவன் இரண்டு பின்கள வீரர்களைக் கடந்து தண்ட எல்லைக்குள் நுழைந்தான். அவனுக்கும் கோலுக்கும் இடையில் காப்பாளர் மட்டுமே நின்றார். அந்த நேரத்தில் கோட்டின் ஓரத்திலிருந்து அவனுடைய பயிற்றுவிப்பாளர், "விழுடா, பெட்டிக்குள்ள விழு!" என்று தொண்டை கிழியக் கத்தினார். சிறுவன் விழுந்தான். பின்னால் ஓடிவந்த பின்கள வீரனுக்கு அன்றைய இரண்டாவது மஞ்சள் அட்டையும் அதனால் சிவப்பு அட்டையும் கிடைத்தன. அந்தப் பிள்ளை அழுதுகொண்டே வெளியேறினான். தண்ட உதை கோலாகி, அந்த ஒரே கோலால் போட்டி முடிந்தது. ஆட்டம் முடிந்த பின் விழுந்த சிறுவனிடம் பேசினேன். "விழச் சொல்லி சேர்தான் சொன்னவர்" என்றான். அவன் முகத்தில் குற்ற உணர்வும் இல்லை, பெருமையும் இல்லை. வீட்டுப்பாடம் செய்துவிட்டு வந்தவன் போல் சொன்னான். அவன் அன்று ஓர் அருமையான கோலை அடித்திருக்கக்கூடியவன். அந்தக் கோலை அவனிடமிருந்து பறித்தவர், அவன் மிகவும் மதிக்கும் மனிதர்.

பயிற்றுவிப்பாளர்களே, உங்களை நோகடிக்க இதை எழுதவில்லை. நீங்கள் பெரும்பாலும் ஊதியமின்றி, சொந்தப் பணத்தில் பந்தும் காலணியும் வாங்கிக் கொடுத்து இந்தப் பிள்ளைகளை உருவாக்குகிறீர்கள். நல்ல பயிற்றுவிப்பாளரை நம் மண் மறப்பதில்லை: அமெரிக்காவிலிருந்து வந்து புனித மிக்கேல் கல்லூரி மாணவர்களுக்கு விளையாட்டைப் பயிற்றுவித்த இயேசு சபைத் துறவி வெபர் அடிகளாரின் பெயரைத்தான் மட்டக்களப்பு நகரின் மைதானம் இன்றும் தாங்கி நிற்கிறது. உங்கள் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லுக்குப் பிள்ளைகள் கொடுக்கும் மதிப்பைத் தாய் தந்தையரின் சொல்லுக்கும் கொடுப்பதில்லை. அந்த மதிப்பை 'விழு' என்று சொல்வதற்குச் செலவழிக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

உலகக் கிண்ணத்திலேயே இது நடக்கிறது, உலகம் போற்றும் வீரர்களே இதைச் செய்கிறார்கள், நம் ஊர்ப் பையன்களை மட்டும் ஏன் குறை சொல்கிறீர்கள் என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். அவர்களுக்கு நான் ஒரு வேறுபாட்டைச் சுட்டிக்காட்டுவதுண்டு. 2010 ஜூலை 2ஆம் திகதி, உலகக் கிண்ணக் காலிறுதியில், மேலதிக நேரத்தின் இறுதிக் கணத்தில் கோலுக்குள் சென்றுகொண்டிருந்த கானாவின் பந்தை உருகுவேயின் லூயிஸ் சுவாரஸ் கையால் தடுத்தார். அது பட்டப்பகலில் செய்த விதிமீறல். அவர் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார், கானாவுக்குத் தண்ட உதை வழங்கப்பட்டது. அசமோவா கியான் அதனைக் குறுக்குக் கம்பத்தில் அடித்ததும், பின்னர் உருகுவே பெனால்டி உதைகளில் வென்றதும் ஆட்டத்தின் போக்கு. சுவாரஸின் செயலை நான் மெச்சவில்லை. ஆனால் செய்தவரே அதற்கான தண்டனையைச் சுமந்தார். 2002 ஜூன் 3ஆம் திகதி, பிரேசிலும் துருக்கியும் மோதிய போட்டியில் நடந்தது வேறு. மூலை உதை எடுக்க நின்ற ரிவால்டோவை நோக்கித் துருக்கியின் ஹக்கன் உன்சால் பந்தை உதைத்தார். பந்து பட்டது தொடையில், ரிவால்டோ முகத்தைப் பொத்திக்கொண்டு விழுந்தார். உன்சாலுக்கு இரண்டாவது மஞ்சள் அட்டை காட்டப்பட்டு அவர் வெளியேற்றப்பட்டார். ரிவால்டோவுக்குப் பின்னர் அபராதம் விதிக்கப்பட்டது. ஆனால் ஒரு போட்டித் தடைகூட இல்லை, அவ்வாண்டுக் கிண்ணத்தையும் பிரேசிலே வென்றது. பந்தை அந்த வேகத்தில் உதைத்தது உன்சாலின் பிழைதான். எனினும் முகத்தில் பட்டதென்ற பொய், அவருடைய பிழைக்கு உரியதைவிடப் பெரிய தண்டனையை அவர் மீது ஏற்றியது. பாசாங்கு விழுதலின் கொடுமை இதுவே: செய்தவர் ஒருவர், தண்டனை பெறுபவர் இன்னொருவர், அந்த அநீதியைத் தன் கையால் நிறைவேற்றுபவர் ஒன்றுமறியாத மத்தியஸ்தர்.

அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் சான்று உண்டு. 1989 செப்டெம்பர் 3ஆம் திகதி, ரியோ டி ஜெனீரோவின் மரக்கானா மைதானத்தில், உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டியொன்றில் சிலி பிரேசிலிடம் பின்தங்கியிருந்தபோது, பார்வையாளர் பகுதியிலிருந்து எறியப்பட்ட தீச்சுடர் ஒன்று சிலியின் கோல்காப்பாளர் ரொபெர்ட்டோ ரோஹாஸின் அருகில் வந்து விழுந்தது. அவர் முகத்தில் இரத்தம் வழியக் கிடந்தார். சிலி அணி ஆட மறுத்து வெளியேறியது. தீச்சுடர் அவர் மீது படவேயில்லை என்பதைப் படங்கள் காட்டின. கையுறைக்குள் மறைத்து வைத்திருந்த சவர அலகால் அவர் தம்மைத்தாமே வெட்டிக்கொண்டார் என்பது பின்னர் வெளியானது. ரோஹாஸுக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. அது நீக்கப்பட்டது 2001இல்தான். சிலி நாடு 1994 உலகக் கிண்ணத்துக்கான தகுதிகாண் போட்டிகளில் பங்குபற்றும் வாய்ப்பையே இழந்தது. ஒருவருடைய பொய்க்காக, அந்தத் தலைமுறையின் வீரர்கள் அத்தனை பேரும் ஓர் உலகக் கிண்ணத்தை இழந்தார்கள்.

இனி நம் மண்ணுக்கு வருகிறேன், ஏனெனில் இந்த மடலை எழுத என்னைத் தூண்டியது இதுவே. நம் கரையோரத்தில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து, ஒரே வீதியில், வேலிக்கு வேலி அமைந்திருக்கின்றன. எத்தனை கசப்பான காலங்களை நாம் கடந்து வந்தோம் என்பதை நான் இங்கே விரிக்க விரும்பவில்லை. அந்தக் காலங்களுக்குப் பிறகு இரு தரப்பு இளைஞர்களும் இயல்பாகச் சந்தித்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகும் இடங்களில் உதைபந்தாட்ட மைதானம் முதன்மையானது. சித்திரைப் புத்தாண்டுக்கோ பெருநாளுக்கோ நடக்கும் சுற்றுப்போட்டிகளில் ஏறாவூர்ப் பையனும் செங்கலடிப் பையனும், மருதமுனைப் பையனும் பாண்டிருப்புப் பையனும் எதிரெதிரே ஆடி, பின்பு ஒரே கடையில் தேநீர் குடிப்பதை நான் எத்தனையோ தடவை கண்டு மகிழ்ந்திருக்கிறேன். அத்தகைய போட்டியில் ஒரு பொய்யான தண்ட உதையால் முடிவு மாறும்போது, கோபம் விழுந்த பையனோடு நிற்பதில்லை. 'அவன் ஏமாற்றினான்' என்பது மைதானத்தின் வாசலைத் தாண்டுமுன் 'அந்த ஊரார் ஏமாற்றுகிறவர்கள்' என்றாகிவிடுகிறது. இரவுக்குள் அது முகநூலுக்குப் போய்விடுகிறது. தோற்ற ஊர் மத்தியஸ்தரின் ஊரைத் தேடுகிறது, பெயரைத் தேடுகிறது. இது ஒரே சமயத்தவரின் இரு ஊர்களுக்கிடையிலும் நடக்கிறது, வாவியின் கிழக்கே எழுவான்கரைக்கும் மேற்கே படுவான்கரைக்கும் இடையிலும் நடக்கிறது. ஆனால் சமூகங்களுக்கிடையில் நடக்கும்போது அதன் காயம் ஆறுவதற்கு நெடுநாள் எடுக்கிறது. கண்ணகி அம்மனுக்காக வடசேரி, தென்சேரி என்று ஊரே இரண்டாகப் பிரிந்து கொம்பு முறித்த, அதாவது இரண்டு கொம்புகளைக் கொளுவி எதிரெதிராக இழுத்து முறிக்கும் சடங்கு விளையாட்டை ஆடிய, மரபுடையவர்கள் நாம். எதிர்த்து நிற்பதும் சேர்ந்து வாழ்வதும் ஒன்றையொன்று கெடுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஒழுங்கு நமக்குப் புதிதன்று. உதைபந்தாட்டத்திலும் அந்த ஒழுங்கை விதிக்க வேண்டியவர்கள் நீங்கள்.

பாசாங்கால் பாதிக்கப்படுபவர்களில், உண்மையாகவே அடிபட்ட பிள்ளையும் ஒருவன். அவன் விழுந்து கிடக்கும்போது எதிரணியினர் சிரிக்கிறார்கள், பார்வையாளர்கள் கூச்சலிடுகிறார்கள், மத்தியஸ்தரும் எழுந்திரு என்று கை காட்டிவிட்டு ஓடுகிறார். தலையில் அடிபட்டு மயக்கம் வந்த பிள்ளைக்கு முதல் சில நிமிடங்கள் எவ்வளவு பெறுமதியானவை என்பதை உடற்கல்வி ஆசிரியர்கள் அறிவார்கள். மைதானத்தில் முதலுதவிப் பெட்டிகூட இல்லாத நம் சுற்றுப்போட்டிகளில் இதன் ஆபத்தை நான் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

பெரிய போட்டிகளில் 2018 முதல் விதிகளில் இடம்பெற்றுள்ள காணொளி உதவி மத்தியஸ்தர் முறை நமக்கு எட்டாதது. நம்மிடம் இருப்பவை ஒரு மத்தியஸ்தரின் இரண்டு கண்களும், வாய்த்தால் கோட்டோரத்தில் நிற்கும் இரண்டு துணை மத்தியஸ்தர்களும் மாத்திரமே. ஆயினும் பயிற்சி பெற்ற கண் பாசாங்கை இனங்காண முடியும். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தின் போல் மொரிஸ், டேவிட் லூயிஸ் என்ற இரு உளவியலாளர்கள் இதனை ஆராய்ந்து சில அடையாளங்களைத் தந்திருக்கிறார்கள். பட்ட கணத்துக்கும் விழும் கணத்துக்கும் இடையே இடைவெளி இருக்கும். பட்ட வேகத்துக்குப் பொருந்தாத தூரம் உடல் உருளும். அடிபட்டது ஓரிடமாக, பிடித்துக்கொள்வது வேறிடமாக இருக்கும். இவை எல்லாவற்றையும்விடத் தெளிவானது, இரு கைகளையும் தலைக்கு மேலே விரித்து உயர்த்தி, மார்பை முன்தள்ளி, தலையைப் பின்சாய்த்து, முழங்கால் மடிய வில்போல் வளைந்து விழுவது. உண்மையில் தடுக்கி விழும் மனிதனுடைய கைகள் தன்னைத் தாங்கிக்கொள்ளத் தரையை நோக்கியே போகும், மேலே போகமாட்டா. பருவ ஆரம்பத்தில் மத்தியஸ்தர்களை ஒரு நாள் கூட்டி, இவற்றைக் காணொளிகளுடன் காட்டிப் பயிற்றுவிப்பதற்குப் பெரிய செலவில்லை.

ஆள்மாறாட்டமும் வயது மோசடியும் நான் சொல்லிவரும் விடயத்தின் உடன்பிறப்புகள். ஒருவருடைய பதிவில் இன்னொருவரை இறக்குவதும், 16 வயதுக்குட்பட்டோர் போட்டியில் மீசை அரும்பியவர்களை ஆடவிடுவதும் நம் சுற்றுப்போட்டிகளில் அறியாத செய்திகள் அல்ல. வயது மோசடி உலகெங்கும் இருக்கிறது. அதனால்தான் 2009இல் நைஜீரியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்திலிருந்து மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்க்கும் முறையை பீஃபா கொண்டுவந்தது. நமக்கு அத்தகைய கருவிகள் தேவையில்லை. ஊரில் யாருக்கு என்ன வயது என்பது எல்லாருக்கும் தெரியும். புகைப்படம் ஒட்டிய பதிவு அட்டையைப் போட்டிக்கு முன் இரு அணித் தலைவர்களும் ஒன்றாகப் பார்த்துக் கையொப்பமிட்டாலே பெரும்பகுதி தீர்ந்துவிடும். நேரத்தைக் கடத்துவதைப் பற்றியும் ஒரு வார்த்தை: கோல்காப்பாளர் பந்தைக் கையில் 8 வினாடிகளுக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்கு மூலை உதை என்ற விதி 2025 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. இதை நம் உள்ளூர்ப் போட்டிகளில் செயற்படுத்தும் மத்தியஸ்தரை நான் இன்னும் காணவில்லை.

வெல்வதற்காக ஆடும்போது நேர்மை பார்க்க முடியுமா என்று கேட்கும் இளைஞர்களுக்கு நான் இரண்டு பெயர்களைச் சொல்வேன். 1997 மார்ச் 24ஆம் திகதி ஆர்சனலுக்கு எதிரான போட்டியில் லிவர்பூலின் ரொபி ஃபௌலர் கோல்காப்பாளர் டேவிட் சீமனுக்கு முன்னால் விழுந்தார். மத்தியஸ்தர் தண்ட உதை வழங்கினார். சீமன் தம்மைத் தொடவில்லை என்று ஃபௌலர் கையசைத்து மத்தியஸ்தரிடம் சொன்னார். மத்தியஸ்தர் முடிவை மாற்றவில்லை; ஃபௌலர் அடித்த உதையைச் சீமன் தடுத்தார், திரும்பி வந்த பந்தை இன்னொரு வீரர் கோலாக்கினார், லிவர்பூல் வென்றது. இவ்வளவுக்குப் பிறகும் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் கோலைப் பற்றிப் பேசுவதில்லை, ஃபௌலரின் கையசைப்பைப் பற்றியே பேசுகிறார்கள். ஜேர்மனியின் மிரோஸ்லாவ் குளோசே, 2012 செப்டெம்பரில் நாப்போலி அணிக்கு எதிராக இத்தாலியின் லாட்ஸியோ கழகத்துக்காகத் தாம் போட்ட கோல் கையில் பட்டுச் சென்றது என்று மத்தியஸ்தரிடம் தாமே ஒப்புக்கொண்டார். கோல் இரத்தானது, அவருடைய அணி தோற்றது. உலகக் கிண்ணப் போட்டிகளில் 16 கோல்கள் அடித்த அந்த மனிதரை, வெல்லும் வேட்கை இல்லாதவர் என்று எவரும் சொல்லிவிட முடியாது.

இனி, உங்களிடம் நான் கேட்பவற்றைச் சொல்கிறேன். 16 வயதுக்குட்பட்டோரின் போட்டிகளில் பாசாங்குக்கு மஞ்சள் அட்டையோடு தற்காலிக வெளியேற்றத்தையும் கொண்டுவாருங்கள். இளையோர் போட்டிகளிலும் அடிமட்டப் போட்டிகளிலும், தேசியச் சம்மேளனத்தின் அனுமதியுடன், அட்டை பெற்ற வீரரைக் குறித்த நிமிடங்களுக்கு வெளியே இருத்த 2017 முதல் விதிகள் இடமளிக்கின்றன. 90 நிமிட ஆட்டமென்றால் 10 நிமிடங்கள். வெறும் அட்டையைப் பையன் மறுநாள் மறந்துவிடுவான். தன் அணி பத்துப் பேருடன் திணறுவதைக் கோட்டுக்கு வெளியே அமர்ந்து பார்த்த அந்த 10 நிமிடங்களை அவன் மறக்கமாட்டான், அவனுடைய பயிற்றுவிப்பாளரும் மறக்கமாட்டார். பயிற்றுவிப்பாளர்களுக்கும் மத்தியஸ்தர் அட்டை காட்டலாம் என்று 2019இல் விதி மாற்றப்பட்டுள்ளது. விழும்படி கோட்டோரத்திலிருந்து ஏவுகிறவருக்கு அந்த அட்டையை நீட்டத் தயங்காதீர்கள். சங்கம் தமக்குத் துணை நிற்கும் என்ற உறுதி மத்தியஸ்தருக்கு இருந்தால்தான் அவர் கை எழும்.

மத்தியஸ்தர் ஏமாற்றப்பட்டுவிட்ட சந்தர்ப்பங்களுக்கும் ஒரு வழி வேண்டும். இங்கிலாந்தில் 2017 முதல், பாசாங்கால் தண்ட உதை பெற்றவரோ எதிரணி வீரரை வெளியேற்றச் செய்தவரோ, முன்னாள் வீரர், முன்னாள் பயிற்றுவிப்பாளர், முன்னாள் மத்தியஸ்தர் ஆகிய மூவர் காணொளியைத் தனித்தனியே பார்த்து ஒருமித்துக் கண்டால், இரண்டு போட்டிகளுக்குத் தடை செய்யப்படுகிறார். நம் இறுதிப் போட்டிகள் பல இப்போது முகநூலில் நேரலையாகப் போகின்றன; காணொளி இல்லையென்று சொல்ல முடியாது. இரு மாவட்டங்களுக்கும் பொதுவாக, இரு சமூகங்களையும் சேர்ந்த மூத்தவர்கள் மூவரை நியமியுங்கள். மூவரும் ஒரே கருத்துக்கு வந்தால் மட்டும் தண்டியுங்கள். ஒருவருக்கு ஐயம் இருந்தாலும் விட்டுவிடுங்கள். போட்டியின் முடிவை மாற்ற வேண்டாம், அது வேறு சண்டைகளுக்கு வழிவிடும். தடை பெற்றவரின் பெயர் இரு மாவட்டச் சங்கங்களின் பதிவேட்டிலும் இருக்கட்டும்; கல்முனையில் தடை பெற்றவர் அடுத்த வாரம் களுவாஞ்சிகுடியில் ஆடக்கூடாது.

மத்தியஸ்தர்களைப் பாதுகாப்பதும் இதில் அடங்கும். மோதும் இரு ஊர்களில் எதையும் சாராதவரை நியமியுங்கள், கொடுப்பனவை அன்றே கொடுங்கள், முடிவைப் பற்றி அணித் தலைவர் மட்டுமே அவருடன் பேசலாம் என்ற ஒழுங்கைப் பாடசாலைப் போட்டிகளிலிருந்தே தொடங்குங்கள். பணப்பரிசு வழங்கும் அனுசரணையாளர்களிடமும் ஒலிபெருக்கியில் வர்ணனை செய்யும் அறிவிப்பாளர்களிடமும் ஒரு சொல் சொல்லி வையுங்கள்: தந்திரமாக விழுந்து பெற்ற பெனால்டி என்று ஒலிபெருக்கியில் புகழ்ந்து பேசுவதைச் சிறுவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இவற்றுள் எதற்கும் புதிய மைதானமோ பெருநிதியோ தேவையில்லை. அடுத்த பருவத்துக்கான சுற்றுப்போட்டி விதிமுறைகளை நீங்கள் தயாரிக்கும் கூட்டத்தில், இளையோருக்கான தற்காலிக வெளியேற்றத்தையும் மூவர் குழுவையும் நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறும், முடிவு எதுவாயினும் அதைக் கழகங்களுக்கு எழுத்தில் அறிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். 12ஆவது விதியைப் பிள்ளைகளுக்கும் பயிற்றுவிப்பாளர்களுக்கும் விளக்கிச் சொல்ல, எந்தக் கழகமோ பாடசாலையோ அழைத்தாலும், வாவியின் எந்தக் கரையாயினும், கொடுப்பனவு எதுவுமின்றி வந்து உதவ நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியரும் முன்னாள் மத்தியஸ்தருமான ஒருவர்,
மட்டக்களப்பு.